கலர் கலந்ததும் தண்ணியாகிப்போன பெயிண்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

தக்கலைப் பக்கம் ஒரு புது வீட்டின் முன்சுவருக்காக வாங்கிய வெளிப்புற எமல்ஷன் பெயிண்ட், கடையின் டின்டிங் மெஷினில் அடர்ந்த செங்கல் சிவப்பு கலந்து வந்தது, சுவரில் நிற்கவே இல்லை. ரோலர் உருட்டிய கொஞ்ச நேரத்தில் கோடு கோடாக வழிந்தது. ரெண்டாவது கோட் அடித்த பிறகும் அடியில் இருந்த பிரைமர் வெள்ளையாகத் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை, வடகிழக்கு மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம், வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை. பெயிண்டர் தண்ணீரை அதிகமாக ஊற்றிப் பெயிண்டை மிச்சம் பிடித்துவிட்டார் என்று முடிவு கட்டி, கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டார்.

"ஒரு துள்ளி வெள்ளம் கூடுதல் ஊத்தல்ல சார், டப்பாவ திறக்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று பெயிண்டர் அண்ணன் சொன்னார். அவர் பல வருஷமாக இந்த வட்டாரத்தில் வேலை செய்பவர். பெயிண்ட் தயாரிக்கும் சிறிய யூனிட்டுகளுக்கு ஃபார்முலா பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் விஷயம் என்னிடம் வந்தது. இதை முழுசாக எழுத ஒரே காரணம்தான்: இதே மாதிரி சண்டை மார்த்தாண்டத்திலும் திங்கள்சந்தையிலும் நாகர்கோவிலிலும் நடக்கிறது, எப்போதும் பழி விழுவது கூலிக்கு வேலை செய்பவர் தலையில், உண்மையான காரணமோ டப்பாவுக்குள் இருக்கும் பாலிமர் ஒன்றின், அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறு ஒன்றின், முனைகளில் இருக்கிறது.

முதலில் சந்தேகங்களைக் கழித்த விதம். வாங்கியது ரெண்டு 10 லிட்டர் பக்கெட், ஒன்றுதான் திறந்திருந்தது. மற்றதைக் கடைக்கார அண்ணாச்சி, வீட்டுக்காரர், பெயிண்டர் மூவரும் பார்க்க அங்கேயே திறந்தோம். குச்சியை விட்டுத் தூக்கினால் பெயிண்ட் குச்சியில் ஒட்டி நிற்காமல் ஓடி விழுந்தது. பெயிண்டர் மேல் இருந்த பழி அந்த இடத்திலேயே முடிந்தது, இதை அவர் முன்னாலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்து கெட்டுப்போன பெயிண்டா என்று பார்க்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் உண்டு, ஈரமும் வெக்கையும் சேர்ந்த ஊர், பெயிண்டில் பாக்டீரியா வளர்வது சாதாரணம். செல்லுலோஸ் வகைக் கெட்டிப்பான், அதாவது ஹெச்இசி, போட்ட பெயிண்டில் பாக்டீரியா வந்தால் அது விடும் நொதி அந்த நீளச் சங்கிலியை வெட்டிப் போட்டுவிடும், பெயிண்ட் நீர்த்துப்போகும். ஆனால் அப்படிக் கெட்டால் பெரும்பாலும் நாற்றம் வரும், பிஹெச்சும் இறங்கும். இங்கே ரெண்டும் இல்லை. அதோடு இந்தப் பெயிண்டில் கெட்டி கொடுப்பது ஹெச்இசி இல்லை, ஹியூர் என்று தொழிலில் சொல்லும் வேறு ஒரு வகை, அதில் செல்லுலோஸ் நொதிக்கு வெட்ட ஒன்றுமே கிடையாது.

பேஸே மோசமா? அதே பேட்ச்சில் கலர் கலக்காத பேஸ் கடையில் இருந்தது, திறந்து பார்த்தால் அருமையான கெட்டி. ஆக கெட்டித்தன்மை போனது கலர் கலந்த அந்தச் சில நிமிஷத்தில்.

"கலரும் திரவம்தானே, திரவத்தை ஊத்தினா தண்ணியாகத்தானே செய்யும்" என்றார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி, சோதித்துப் பார்க்க வேண்டியதும்கூட. பக்கெட் மூடியில் ஒட்டியிருந்த ஸ்லிப்படி எல்லாக் கலரன்ட்டும், அதாவது மெஷின் ஊற்றும் கலர் திரவங்கள் எல்லாம், சேர்த்து லிட்டருக்கு ஏறக்குறைய 80 மில்லி. அதனால் கலக்காத பேஸை ஜாடிகளில் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் அதே 80 மில்லி விகிதத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு கலரன்ட் கலந்தோம். அப்புறம் ஸ்டார்மர் விஸ்காமீட்டரில் வைத்துப் பார்த்தோம். இது துடுப்பைச் சுழற்றிக் கெட்டியை கேயூ என்ற அலகில் சொல்லும் கருவி, நல்ல சுவர் பெயிண்ட் 90, 100 பக்கம் இருக்கும். பேஸ் கிட்டத்தட்ட 100. தண்ணீர் விட்டது 90க்குச் சற்றுக் கீழே. கலரன்ட் விட்டது 70ஐக்கூடத் தொடவில்லை.

சாயம் வேறு, அது மிதக்கும் திரவம் வேறு. இதில் யார் குற்றவாளி என்று அறிய இன்னொரு ஜாடி: சாயமே இல்லாமல், கலரன்ட்டில் இருக்கும் வகையைச் சேர்ந்த சர்ஃபாக்டன்ட்டை, நம் பேச்சில் சொன்னால் ஒரு வகை சோப்பை, தண்ணீரில் கரைத்து அதே அளவு ஊற்றினோம். நிறம் மாறவில்லை, கெட்டி மட்டும் கலரன்ட் விட்டதைப் போலவே விழுந்துவிட்டது. கடைசியாக ஹெச்இசி மட்டும் போட்ட பழைய மாதிரி பெயிண்டில் அதே கலரன்ட்டைக் கலந்தோம். கொஞ்சம் இளகியது, தண்ணீர் விட்டால் எவ்வளவு இளகுமோ அவ்வளவுதான்.

சோப்பு இந்தக் கெட்டிப்பானை மட்டும் ஏன் உடைக்கிறது? விஷயத்தின் சாரமே இங்கேதான்.

முனைகளில் நடப்பது

ஹியூரின் உடம்பு பாலிஎத்திலீன் ஆக்சைடு, தண்ணீரில் நன்றாகக் கரையும் நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலியின் ஆக்சிஜன்கள் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். பாலிஎத்திலீன் கிளைக்கால் துண்டுகளை, அதாவது இதே சங்கிலியின் குட்டைத் துண்டுகளை, டைஐசோசயனேட் என்ற இணைப்புப் பொருளை வைத்து இணைத்து, ரெண்டு நுனியிலும் 12 முதல் 18 கார்பன் வரை உள்ள எண்ணெய்த்தன்மையான வாலைப் பொருத்தி இதைச் செய்கிறார்கள். ஆக உடம்பு தண்ணீரை விரும்பும், நுனிகள் தண்ணீரை வெறுக்கும்.

வெறுக்கும் என்பது பேச்சுவழக்கு. நடப்பது இது: கார்பன் வாலோடு தண்ணீரால் ஹைட்ரஜன் பிணைப்பு போட முடியாது, அதனால் வாலைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைப்பு விட்டுப்போகாதபடி ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நின்றுகொள்கின்றன. அந்த ஒழுங்குக்கு என்ட்ரோபி, அதாவது மூலக்கூறுகள் இஷ்டப்படி அலையும் சுதந்திரம், விலையாகப் போகும். வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒளிந்துகொண்டால் அந்தத் தண்ணீர் விடுபடும். வால்களைச் சேர்ப்பதில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான், வால்களுக்குள் பிரத்யேகமாகப் பெரிய ஈர்ப்பு ஒன்றும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் தானாகப் புரியும்.

செறிவு மிகக் குறைவாக இருக்கும்போது ஒரு சங்கிலியின் ரெண்டு வாலும் பெரும்பாலும் ஒரே கூட்டத்துக்குள் போய்விடும், உடம்பு வெளியே வளையமாகத் தொங்கும். இப்படிப் பல சங்கிலிகளின் வால்கள், ஏறத்தாழ ஒரு கூட்டத்துக்கு இருபது முப்பது, நடுவில் திரள, வளையங்கள் இதழ் இதழாக வெளியே நிற்பதால் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பூ மிசெல் என்றே சொல்கிறார்கள். பூக்கள் தனித்தனியாக மிதக்கும்வரை திரவம் கெட்டியாகாது.

செறிவு கூடினால் பூக்கள் நெருங்கும். அப்போது ஒரு சங்கிலி தன் ஒரு வாலை இந்தப் பூவிலும் மற்ற வாலை அடுத்த பூவிலும் வைக்கலாம், வளையம் பாலமாகிவிடும். தோவாளைச் சந்தையில் கூடையில் கிடக்கும் உதிரிப்பூவை அள்ளினால் விரலிடுக்கில் சிதறும், அதையே நாரில் தொடுத்துவிட்டால் ஒரு முனையைப் பிடித்து முழுச் சரத்தையும் தூக்கலாம். பாலம் போட்ட சங்கிலிதான் இங்கே நார். பக்கெட்டில் இருப்பது ஒற்றைச் சரமாக இல்லாமல் எல்லாத் திசையிலும் பின்னிய வலை, அது தோன்ற ஆரம்பித்ததும் கெட்டி செங்குத்தாக ஏறும். ரெண்டு நுனியிலும் வால் இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் கவனியுங்கள். தயாரிப்பில் பிசகி ஒரு நுனியில் மட்டும் வால் ஏறிய சங்கிலிகள் கூட்டத்தில் சேரும், பாலம் போடாது.

இந்த வலையின் தனிச்சிறப்பு, எந்த முடிச்சும் நிரந்தரமில்லை. வெப்ப அசைவில் வால் ஒன்று கூட்டத்தை விட்டு வெளியே வரும், உடனே அதே கூட்டத்துக்கோ அடுத்ததற்கோ போய்விடும். ஒரு வால் எவ்வளவு நேரம் உள்ளே தங்கும் என்பது அதன் நீளத்தைப் பொறுத்தது, கார்பன் கூடக் கூட அந்த நேரம் மடங்கு மடங்காக ஏறும். இப்படி அறுந்து அறுந்து சேரும் வலைக்கான கணக்கை கிரீன், டோபோல்ஸ்கி என்ற விஞ்ஞானிகள் 1946லேயே எழுதிவிட்டார்கள், அப்போது அவர்கள் யோசித்தது வேறு பாலிமர்களைப் பற்றி. முனையால் கூடும் பாலிமர்களுக்கு ஏற்றபடி டனகாவும் எட்வர்ட்ஸும் 1992ல் அதை விரித்தார்கள். அடுத்த வருஷமே அனபிள், பஸ்கால் குழுவினர் சோதனையில் காட்டினார்கள்: இந்தக் கரைசல்களின் நடத்தை ஆச்சரியமான அளவுக்கு எளிமையானது, கிட்டத்தட்ட ஒரே ஒரு தளர்வு நேரத்தோடு, அதாவது இழுத்த வலை தளர எடுக்கும் நேரத்தோடு, முடிந்துவிடுகிறது. பாலிமர் கரைசல்களில் இது அபூர்வம், பொதுவாகப் பல நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். கெட்டித்தன்மை என்பது வேலை செய்யும் பாலங்களின் எண்ணிக்கையால் வரும் விறைப்பையும், ஒரு முடிச்சு நிலைக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. இதில் எதைக் குறைத்தாலும் பெயிண்ட் இளகும்.

பெயிண்டர்களுக்கு இந்தக் கெட்டிப்பான் பிடிப்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. ஹெச்இசியின் நீளச் சங்கிலிகள் ரோலரில் இழையாக இழுபட்டு அறுந்து தெறிக்கும், கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும் அந்தத் தொல்லை. ஹியூரின் சங்கிலி அதைவிட மிகக் குட்டை, தெறிப்பது குறைவு. ரோலர் உருளும் வேகத்தில் முடிச்சுகள் விட்டுக்கொடுத்துப் பெயிண்ட் வழுக்கிப் பரவும், கை எடுத்ததும் மறுபடி கூடிக்கொள்ளும், நடுவில் கிடைக்கும் சிறிய இடைவெளியில் ரோலர் தடம் சமனாகிவிடும். நல்ல ஃபார்முலாவின் அழகு அந்த இடைவெளியை எவ்வளவு விடுவது என்பதில் இருக்கிறது.

சரி, சோப்புக்கு வருவோம். சோப்புக்கும் எண்ணெய் வால் உண்டு, ஆனால் ஒரு மூலக்கூறுக்கு ஒன்றுதான். கொஞ்சமாகச் சேர்த்தால் அது ஹியூரின் வால்கூட்டங்களில் போய் அமர்ந்து கலப்புக் கூட்டங்களை உண்டாக்கும், அதனால் சில வளையங்கள் பாலமாக மாறிக் கெட்டி ஏறக்கூடச் செய்யும். இன்னும் இன்னும் சேர்த்தால் கதை திரும்பிவிடும். சோப்பு தனியாகவே ஏராளமான கூட்டங்களை அமைக்கிறது, ஒவ்வொரு ஹியூர் வாலுக்கும் ஒளிந்துகொள்ளத் தனித்தனி இடம் கிடைத்துவிடுகிறது. இன்னொரு சங்கிலியின் வாலோடு சேர வேண்டிய அவசியமே தண்ணீருக்குள் இல்லாமல் போகிறது. ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு ஹியூர் வால் இருந்தால் அது எதையும் எதோடும் இணைக்காது. பாலிமர் முழுசாக உள்ளேயே இருக்கிறது, ஒரு கிராம்கூடக் குறையவில்லை, வலை மட்டும் இல்லை.

இதைக் கண்ணால் காட்டுவது சுலபம், அண்ணாச்சிக்கும் அப்படித்தான் காட்டினேன். ஹியூரைத் தண்ணீரில் கலக்கி ஒரு ஜாடியில் வைத்தால் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் கலக்கும்போது உள்ளே போன காற்றுக் குமிழிகள் மேலே வராமல் நடுவிலேயே தொங்கும். அதில் பாத்திரம் கழுவும் லிக்விடைத் துளித் துளியாக விட்டுக் கிளறினேன். ஆரம்பத் துளிகளில் குச்சி இன்னும் இறுகியது, அண்ணாச்சியே குச்சியைப் பிடித்துப் பார்த்துவிட்டு "கூடத்தானே செய்யுது" என்றார். தொடர்ந்து விட்டுக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் குச்சி தடையில்லாமல் சுழன்றது, தொங்கிக்கொண்டிருந்த குமிழிகள் எல்லாம் வரிசையாக மேலே போய் நுரையாக நின்றன. அவர் அதற்கப்புறம் தண்ணீர் வாதத்தை எடுக்கவில்லை.

பெயிண்டில் அந்த ஆரம்ப ஏற்றம் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் எமல்ஷனோடு வந்த சோப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பெயிண்டில் மிதக்கும் அக்ரிலிக் துகள்களின் மேற்பரப்பும் எண்ணெய்த்தன்மை உள்ளது, ஹியூர் வால்கள் அதிலும் போய் ஒட்டும், துகளும் வலையின் முடிச்சாகிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுப்பவர்கள் தினமும் கையாள்வதும் இதே இனம்தான், தண்ணீரில் மிதக்கும் பாலிமர் துகள்கள். கலரன்ட்டோடு வரும் சோப்பு இந்தத் துகள்களின் மேலும் போய் மொய்த்துக்கொண்டு ஹியூர் வால்களை இடம்பெயர்க்கும். வலைக்கு இரண்டு பக்கமும் அடி.

கலரன்ட்டில் ஏன் இவ்வளவு சோப்பு? எல்லாப் பெயிண்டிலும் கலக்கும்படி செய்த பொதுக் கலரன்ட்டில், சாயப் பொடியைத் தண்ணீர் பெயிண்டிலும் எண்ணெய் பெயிண்டிலும் பிரியாமல் நிறுத்தச் சர்ஃபாக்டன்ட் தாராளமாக வேண்டும், மெஷினின் குழாய் முனை காயாமலிருக்க கிளைக்கால் வேண்டும். கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் தண்ணீரின் அந்த வெறுப்பையே கொஞ்சம் தணிக்கும், வால்கள் சேர வேண்டிய கட்டாயம் குறையும். இளம் நிறத்துக்கு லிட்டருக்குச் சில மில்லி போதும், அதனால் புகாரே வராது. அடர்நிற பேஸில் வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டையாக்சைடு மிகக் குறைவு, நிறம் முழுக்கக் கலரன்ட்டிலிருந்துதான் வர வேண்டும், அங்கேதான் அளவு எகிறும். சுவரில் பிரைமர் தெரிந்ததற்கும் இதுவே விளக்கம்: இளகிய பெயிண்ட் ரோலரிலிருந்து மெல்லிய படலமாகத்தான் இறங்குகிறது, இறங்கியதும் வழிகிறது, மறைக்கும் சக்தி போதவில்லை.

இதே தத்துவத்தை கெட்டிப்பான் தயாரிக்கும் கம்பெனிகள் வேண்டுமென்றே பயன்படுத்துகின்றன என்பது எனக்கு இன்றும் ரசிக்கக்கூடிய விஷயம். ஹியூரைக் கெட்டிச் செறிவில் டிரம்மில் அடைத்தால் ஊற்றவே முடியாது. அதனால் பியூட்டைல் கார்பிட்டால் போன்ற கரைப்பானையோ சர்ஃபாக்டன்ட்டையோ சேர்த்து, வலையை உடைத்த நிலையில்தான் அனுப்புகிறார்கள். அப்படி வந்ததை எடுத்துத் தண்ணீர் ஊற்றினால் முதலில் இன்னும் கெட்டியாகும், கரைப்பானின் செறிவு குறைந்து வால்கள் சேரத் தொடங்குவதால். கரைப்பான் வேண்டாம் என்று நினைப்பவர்கள் சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பதும் உண்டு, அது ஒரு சர்க்கரை வளையம், நடுவில் உள்ள குழி எண்ணெய் வாலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும், வாலைத் தொப்பி போட்டு மூடிவிடும். பெயிண்டில் போனதும் அங்கிருக்கும் சோப்பின் வால்கள் அந்தத் தொப்பிகளைப் பிடித்துக்கொள்ள, ஹியூர் விடுபட்டு வேலையைத் தொடங்கும். இப்படி வந்த ஹியூரை நேரடியாக பக்கெட்டில் ஊற்றி ஒரு கிளறு கிளறினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விழுந்த இடத்தில் உருண்டை உருண்டையாகத் திரண்டு, அந்த உருண்டை சுவர் வரைக்கும் போகும்.

என்ன செய்தோம்

வீட்டில் மிச்சமிருந்த பக்கெட்டை வீணாக்க வேண்டியிருக்கவில்லை. சோப்புக்கு அசையாத ஒன்றால்தான் அதை மீட்க முடியும், அது ஹெச்இசி. அது கெட்டி கொடுப்பது தண்ணீரில் ஊதி விரிந்து பின்னிக்கொள்வதால், அதற்கு வால்கூட்டமே தேவையில்லை. பொடியை அப்படியே தூவாமல் முதலில் தண்ணீரில் ஊறவைத்து, முழுசாகக் கரைந்த பிறகு மெதுவான சுழற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சுவரில் ஒரு சிறு கட்டத்தில் அடித்துப் பார்த்தோம். வழியவில்லை. தெறிப்பு கொஞ்சம் கூடியது, மினுமினுப்பு லேசாகக் குறைந்தது, பெயிண்டர் அண்ணன் அதைப் பொறுத்துக்கொண்டு முடித்துக் கொடுத்தார். நிறுத்தி வைத்த கூலியை வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார், வழிந்த பகுதியைத் தேய்த்து மறுபடி அடித்ததற்கான கூலியைக் கடை ஏற்றுக்கொண்டது.

தயாரித்த யூனிட்டில் செய்ய வேண்டியது வேறு. பேஸையே இன்னும் கெட்டியாக வைத்துவிடலாமே, கலர் கலந்ததும் இறங்கி அளவுக்கு வந்துவிடுமே என்று அவர்கள் முதலில் யோசித்தார்கள். அது சரிப்படாது, மிதமான நிறம் வாங்குபவருக்குப் பெயிண்ட் பசையாகக் கிடைக்கும். நான் சொன்னது, அடர்நிற பேஸுக்கு மட்டும் தனி ஃபார்முலா: வால் நீளம் கூடியதோ, நுனிகளில் மட்டுமின்றி நடு உடம்பிலும் வால் உள்ளதோ ஆன ஹியூர் வகை, கூட ஹெச்இசி சிறிதளவு அடித்தளமாக. வால் வலுவாக இருந்தால் சோப்பு அதைப் பிரித்தெடுப்பது கடினம், ஒரு சங்கிலியில் வால் பல இருந்தால் சில போனாலும் மற்றவை பாலத்தைக் காக்கும். ஆனால் வால் வலுக்க வலுக்க முடிச்சு தளரும் நேரம் நீண்டுகொண்டே போகும், ரோலர் தடம் சமனாகாமல் காய்ந்துவிடும். அதனால் ஒரு எல்லைக்கு மேல் போகக் கூடாது, எங்கே நிறுத்துவது என்பதைச் சுவரில் அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கலரன்ட்டையே கிளைக்கால் இல்லாத, சோப்பு குறைந்த வகைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும், ஆனால் கடை முழு மெஷினையும் காலி செய்து குழாய் கழுவி மாற்ற வேண்டும், விலையும் கூட, அண்ணாச்சி அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பெயிண்டர்களுக்கு ஒரு விஷயம். அடர்நிறம் கலந்த பக்கெட்டைக் கடையிலேயே திறக்கச் சொல்லி, தண்ணீர் சேர்ப்பதற்கு முன்னால் குச்சி விட்டுத் தூக்கிப் பாருங்கள், ஃபோனில் ஒரு வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் தண்ணீர் அளவு கலர் கலக்காத கெட்டியை வைத்து எழுதியது, இளகி வந்த பெயிண்டில் அதை அப்படியே ஊற்ற வேண்டாம்.

இந்த வீட்டிலேயே பின்னால் இன்னொரு புகாரும் வந்தது. அடித்து முடித்த சில நாளில் ஒரு மழை, சிவப்புச் சுவரில் பழுப்பாக, பிசுபிசுப்பாக நீர்த்தாரைகள் இறங்கியிருந்தன. வீட்டுக்காரர் பெயிண்ட் கரைகிறது என்று பயந்து கூப்பிட்டார். அது அதே கலரன்ட்டின் சோப்பும் கிளைக்காலும்தான். ஈரக் காற்றில் படலம் மெதுவாகக் காயும்போது அவை மேற்பரப்புக்கு வந்து தங்கும், மழை பட்டதும் கரைந்து கோடாக வடியும். பெயிண்ட் கரையவில்லை. சுவர் காய்ந்த ஒரு நாளில் ஹோஸ் பிடித்து நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழே கழுவச் சொன்னேன், காய்ந்து கறையாகப் பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். கழுவினார்கள், போய்விட்டது. அடுத்த மழைக்கு மெல்லிசாக இன்னொரு தடவை வந்தது, அதையும் கழுவினார்கள், அதற்கப்புறம் வரவில்லை.